முதல் முறையாகச் சொந்தக் கணினியைப் பொருத்தப் போறீங்களா? வாங்குவதற்கு முன் தெரிஞ்சிக்க வேண்டியவை

தீபாவளி அன்பளிப்பு, விடுமுறை வேலையில் கிடைத்த சம்பளம், தேசிய சேவைப் படித்தொகையில் மிச்சம் பிடித்தது... எல்லாம் சேர்ந்து கையில் ஒரு தொகை இருக்கிறது.

மேசைக் கணினி வாங்க சிம் லிம் ஸ்குவேருக்குப் போகிறீர்கள். கடைக்காரர் விலைப் பட்டியலை நீட்டுகிறார். தாள் முழுக்க எண்களும் எழுத்துகளும். எது வேணும், எது வேணாம்?

இங்கேதான் பலருக்குப் பணம் தவறான இடத்தில் போய்விடுகிறது. பாகங்களைப் பொருத்துவது அவ்வளவு கடினமில்லை. ஒரு திருப்புளியும் ஒரு மாலை நேரமும் போதும். எதை முதலில் முடிவு செய்வது, எதில் மிச்சம் பிடிக்கக்கூடாது என்பதுதான் உண்மையான சிக்கல்.

சொந்தமாகப் பொருத்துவதில் என்ன லாபம்?

ஒவ்வொரு பாகமும் என்ன தரம் என்பது உங்களுக்குத் தெரியும். கடைகளில் தயாராகக் கிடைக்கும் கணினிகள் சிலவற்றில் பிராசசர் நல்லதாக இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத பவர் சப்ளை மலிவானதாக இருக்கும்.

3 ஆண்டு கழித்து வேகம் போதவில்லை என்றால் கணினி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம்.

விலை எப்போதும் குறைவாக இருக்குமா? அப்படிச் சொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்குவதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அந்த மாதிரி நேரத்தில் தயாரான கணினியே மலிவாகக் கிடைக்கலாம். இரண்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்க.

முதல் கேள்வி: கணினி எதற்கு?

கடைக்குப் போவதற்கு முன்பே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

• பள்ளிப் பாடம், இணையம், திரைப்படம்: தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் வசதி இருந்தால் போதும். ரேம் 16 ஜிகாபைட்.

• கேம்ஸ்: பணத்தில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். நடுத்தரப் பிராசசர் போதும்.

• காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு: கூடுதல் கோர் உள்ள பிராசசர், 32 ஜிகாபைட் ரேம், பெரிய எஸ்எஸ்டி.

திரையையும் சேர்த்தே யோசிங்க. 1920 x 1080 திரையில் சுமார் 20 லட்சம் படப்புள்ளிகள். 4கே திரையில் அதைப் போல 4 மடங்கு. கிராஃபிக்ஸ் கார்டு அத்தனை புள்ளிகளையும் ஒவ்வொரு நொடியும் பலமுறை வரைய வேண்டும். சாதாரணத் திரையை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த கார்டு வாங்கினால் பணம் வீண். 4கே திரைக்கு மலிவான கார்டு வாங்கினால் கேம் திணறும்.

எது எதோடு பொருந்தும்?

பாகங்களை ஒரு சங்கிலி போல நினைச்சுக்குங்க. ஒரு கண்ணி பொருந்தாவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை.

1. பிராசசர்: இன்டெல், ஏஎம்டி என இரண்டு நிறுவனங்கள். இன்டெல் பெயரின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் வசதி இல்லை என்று பொருள். ஏஎம்டியின் ரைசன் 5 7500எஃப் போன்றவையும் அப்படித்தான். தனிக் கார்டு வாங்கவில்லை என்றால் அதைத் தவிருங்க. இல்லாவிட்டால் திரையில் படமே வராது.

2. மதர்போர்டு: பிராசசர் உட்காரும் சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ1700. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ1851. ஒன்றில் இன்னொன்று உட்காராது.

சாக்கெட் சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்தப் பிராசசருக்கு போர்டில் பயாஸ் அப்டேட் வேணுமா?" பிராசசரைவிடப் பழைய போர்டாக இருந்தால் தேவைப்படலாம்.

3. ரேம்: ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டுமே வேலை செய்யும். எல்ஜிஏ1700 போர்டுகளில் சில டிடிஆர்4, சில டிடிஆர்5. இரண்டிலும் வெட்டுப் பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. 16 ஜிகாபைட் ஒரே ரேமாக வாங்குவதைவிட 8 ஜிகாபைட் இரண்டாக வாங்கினால் பொதுவாக வேகம் கூடும்.

4. எஸ்எஸ்டி: மதர்போர்டில் நேரடியாகப் படுக்கும் என்விஎம்இ வகை நல்லது. நொடிக்கு 7,000 மெகாபைட் என்று பெட்டியில் போட்டிருக்கும். அன்றாடப் பயன்பாட்டில் அந்த வேகத்தை நீங்கள் உணர்வது அரிது. வேகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை அளவுக்குக் கொடுங்க.

5. கேசிங்: ஏடிஎக்ஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ், மினி ஐடிஎக்ஸ் என போர்டின் அளவு மாறும். கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டும் கேசிங்குக்குள் அடங்குமா என்று பாருங்க. வண்ண விளக்குகளைவிட முன்பக்கம் காற்றுப் புகும் வலை முக்கியம். நம்ம ஊர் வெப்பத்தில், குளிர்சாதனம் போடாத வீவக அறையில், முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேசிங் சூடாகிவிடும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத பாகம்

பவர் சப்ளை. இது கேமின் வேகத்தைக் கூட்டாது. அதனால்தான் பலர் கடைசியில் மிஞ்சிய பணத்தில் இதை வாங்குகிறார்கள். ஆனால் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. தரமில்லாதது பழுதானால் கூடவே மற்றவற்றையும் கெடுத்துவிடலாம்.

எத்தனை வாட் வேண்டும்? கிராஃபிக்ஸ் கார்டு தயாரிப்பாளரே பரிந்துரை தருகிறார். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் வரை எடுக்கும், அதற்கு 550 வாட் பவர் சப்ளை பரிந்துரை. ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 250 வாட், பரிந்துரை 650 வாட். பின்னாளில் பெரிய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு படி மேலே போகலாம்.

'80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்பு, ஆயுள் பற்றி அது எதையும் சொல்லாது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேளுங்க. நல்ல பவர் சப்ளைகளுக்கு 5 முதல் 10 ஆண்டுவரை உத்தரவாதம் உண்டு.

எங்கே வாங்குவது?

சிம் லிம் ஸ்குவேரில் முதல் கடையிலேயே பணத்தைக் கொடுத்துவிடாதீங்க. பாகங்களின் முழுப் பெயரையும் எழுதிக்கொண்டு போய், 3 கடைகளில் எழுத்துபூர்வமாக விலை கேளுங்க. "அந்த மாடல் இல்லை, இது அதைவிட நல்லது" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். வெளியே வந்து கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

இணையத்தில் வாங்குகிறீர்களா? உத்தரவாதம் சிங்கப்பூரில் செல்லுமா என்று பாருங்க. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிய பொருள் பழுதானால் நீங்களே அங்கு அனுப்ப வேண்டியிருக்கும். வரியையும் கணக்கில் சேருங்க. 2023 ஜனவரி முதல், பதிவுபெற்ற வெளிநாட்டு நிறுவனங்களிடம் இணையத்தில் வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள், சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு.

பழைய பொருள் வாங்கலாமா? பிராசசர், கேசிங் போன்றவற்றில் ஆபத்து குறைவு. கிராஃபிக்ஸ் கார்டு என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்க. பழைய பவர் சப்ளை வேண்டவே வேண்டாம்.

பொருத்தும் நாள்

பெரிய மேசை, நல்ல வெளிச்சம், காந்த முனையுள்ள திருப்புளி. கம்பளத்தின்மேல் நின்று வேலை செய்யாதீங்க. பாகத்தைத் தொடுவதற்கு முன் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்க.

முதலில் மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின்மேல் வைத்து வேலையைத் தொடங்குங்க.

• பிராசசர்: மூலையில் சிறு முக்கோணக் குறி இருக்கும். சாக்கெட்டிலும் அதே குறி. இரண்டையும் சேர்த்து, அழுத்தாமல் வையுங்க. ஏஎம்5, இன்டெல் சாக்கெட்டுகளில் மெல்லிய ஊசிகள் போர்டில்தான் இருக்கின்றன. விரல் பட்டு ஒன்று வளைந்தாலும் போர்டே போகக்கூடும். வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் கிடைப்பது சந்தேகம்.

• ரேம்: நான்கு இடம் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் இடங்களில் செருகுவதே வழக்கம். போர்டுக் கையேட்டில் சரிபாருங்க. 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும்.

• எஸ்எஸ்டி: சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, சிறு திருகாணியை முடுக்குங்க.

• கூலர்: அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீங்க. முதல்முறை பொருத்துவோர் அடிக்கடி செய்யும் தவறு இது. வெப்பப் பசை ஏற்கெனவே பூசியிருக்காவிட்டால் பட்டாணி அளவு போதும். விசிறியின் கம்பியை 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில் செருகுங்க.

அடுத்து கேசிங். போர்டைத் தாங்கும் சிறு உலோகத் தூண்கள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். வேறு இடத்தில் ஒன்று இருந்தால் போர்டின் அடியில் பட்டு மின்கசிவு ஏற்படலாம்.

பிறகு பவர் சப்ளை. போர்டுக்கு 24 முனைக் கம்பி, பிராசசருக்கு 8 முனைக் கம்பி. கழற்றக்கூடிய கம்பிகள் என்றால், அந்தப் பவர் சப்ளையோடு வந்தவற்றை மட்டும் பயன்படுத்துங்க. வேறொன்றின் கம்பி அச்சாகப் பொருந்தும், ஆனால் உள்ளே மின்னிணைப்பு மாறியிருக்கும். அதனால் எஸ்எஸ்டி கருகிப்போகலாம்.

கடைசியாகக் கிராஃபிக்ஸ் கார்டு. அதற்குரிய மின்கம்பியை முழுவதும் உள்ளே தள்ளுங்க.

திரை கறுப்பாகவே இருக்கிறதா?

பதற்றப்படாதீங்க. டிடிஆர்5 ரேம் உள்ள புதிய கணினி முதல்முறை இயங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பழுது என்று நினைத்து இடையில் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்.

10 நிமிடம் கழித்தும் படம் வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்க.

1. பவர் சப்ளையின் பின்பக்க விசை போட்டிருக்கிறதா?
2. திரைக் கம்பி கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, தவறுதலாக மதர்போர்டிலா?
3. பிராசசருக்கான 8 முனைக் கம்பி செருகியாச்சா?
4. ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகினீர்களா?
5. பொத்தானை அழுத்தியும் எதுவும் அசையவில்லை என்றால், கேசிங் பொத்தானின் சிறு கம்பிகள் கையேட்டில் உள்ள இடத்தில்தான் இருக்கின்றனவா?

இவற்றைப் பார்க்கும்போது மின்சாரத்தை நிறுத்திவிடுங்க. பல போர்டுகளில் எந்தப் பாகத்தில் சிக்கல் என்று காட்டும் சிறு விளக்குகள் உண்டு. அதையும் கவனிங்க.

படம் வந்ததும் பயாஸுக்குள் சென்று ரேமின் வேகத்தைப் பாருங்க. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் பெட்டியில் போட்ட வேகம் கிடைக்கும். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய வேகம் சும்மா தூங்கும். விண்டோஸ் உரிமத்துக்குத் தனிச் செலவு உண்டு. லினக்ஸ் இலவசம்.

வாங்கிய பாகமே பழுதாக இருந்தால்?

ரசீதுகளையும் பெட்டிகளையும் தூக்கிப் போடாதீங்க. வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன் சட்டம்' நடப்பில் உள்ளது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது முடியாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். நீங்களே உடைத்த பொருளுக்கு இது பொருந்தாது. தனிநபரிடம் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தாது.

கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அடுத்த கட்டம், சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

புதிய கணினி ஓடத் தொடங்கியதும் பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீங்க. அதில் உள்ள தகவல்களை அழித்துவிட்டு, 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தின்கீழ் மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம்.

இன்னும் தயக்கமா? பாகங்களை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டு, பொருத்தும் வேலையைக் கடையிடம் விடலாம். சிறு கட்டணத்துக்குச் செய்து தரும் கடைகள் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்க. அடுத்த முறை ரேமையோ கார்டையோ மாற்றும்போது திருப்புளி உங்க கையில் இருக்கும்.