நட்டது செடி மட்டுமா?

'பிளான்ட்' என்றால் செடி. நடுவதற்கும் அதே சொல்தான். எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சொல், ஒரு காலத்தில் மனிதர்களை 'நடுவதற்கும்' பயன்பட்டது.

இதன் மூலம் லத்தீன் மொழியின் 'பிளான்டா'. நடுவதற்கு எடுக்கும் துண்டு என்று ஒரு பொருள். உள்ளங்கால் என்று இன்னொரு பொருள். குச்சியை ஊன்றிக் காலால் மிதித்து மண்ணை இறுக்குவதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன என்று சொல்வோர் உண்டு. பிற்பாடு தொழிற்சாலையும் 'பிளான்ட்' ஆனது; அப்பாவி வீட்டில் போலீஸ் பொய்த் தடயம் வைத்தால் அதுவும் 'பிளான்ட்'தான். தமிழில் மட்டும் என்ன, நாற்றோடு நிறுத்திக்கொண்டோமா? நடுகல், பந்தக்கால், கட்சிக் கொடிக்கம்பம்... எல்லாம் நடுவதுதானே!

ஆனால் ஆங்கிலேயர்கள் ஊரையே நட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் 'பிளான்டேஷன்' என்றால் முதலில் குடியேற்றம் என்றே பொருள். அதில் பெரியது வட அயர்லாந்தின் அல்ஸ்டர். 1607-இல் அங்கிருந்த கேலிக் தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட, மன்னர் முதலாம் ஜேம்ஸ் அவர்களுடைய நிலங்களைப் பறிமுதல் செய்தார். 1609 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மக்களை அங்கே குடியேற்றும் திட்டம் நடந்தது. லண்டன் வணிகக் குழுக்களும் பணம் போட்டன. அதனால் டெர்ரி என்ற ஊர் 1613-இல் லண்டன்டெர்ரி ஆனது. ஒருவர் இந்த இரண்டு பெயரில் எதைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பக்கம் என்று இன்றும் ஊகிப்பார்கள்.

தோட்டக்காரன் கணக்கில், நடுவதற்கு முன் நிலத்தில் இருப்பதெல்லாம் களை. நிலம் இழந்த ஐரிஷ் கத்தோலிக்கர்கள் 1641-இல் கிளர்ந்தெழுந்தார்கள். இரு பக்கமும் ரத்தம் ஓடியது. இத்தனைக்கும் பிரான்சிஸ் பேகன் 1625-லேயே, ஒருவரைப் பிடுங்கி இன்னொருவரை நடுவது நடுவதே ஆகாது என்ற பொருளில் எழுதியிருந்தார். கேட்பார் யார்?

அமெரிக்காவிலும் இதே சொல். 1636-இல் ரோஜர் வில்லியம்ஸ் பிராவிடன்ஸ் என்ற ஊரை அமைத்தபோது, பிளான்டேஷன் என்றால் வெறும் குடியேற்றம்தான். ஆனால் வர்ஜீனியாவில் புகையிலையும் பார்படாஸில் கரும்பும் பெருகி, ஆப்பிரிக்க அடிமைகள் அந்த நிலங்களில் கட்டாயமாக உழைக்கத் தொடங்கியதும் சொல்லின் பொருளே மாறிப்போனது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் முழுப்பெயரில் 'பிராவிடன்ஸ் பிளான்டேஷன்ஸ்' ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்கலாமா என்று 2010-இல் வாக்கெடுப்பு நடத்தியபோது மக்கள் மறுத்துவிட்டார்கள், 2020-இல் சம்மதித்தார்கள். பழைய பொருள் வேறு என்ற வாதம் அகராதிப்படி சரிதான். ஆனால் அந்த மாநிலத்துக் கப்பல்களும் அடிமை வியாபாரம் செய்தவையே.

இதே சொல் 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்துக்கும் வந்தது. முதலில் காபி, பிறகு தேயிலை. காடு வெட்டிக் கன்று நட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். 'பிளான்டர்' என்ற பட்டமோ பங்களாவில் இருந்த துரைக்கு! 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் அந்தத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை தர இன்னொரு சட்டம் வந்தது 2003-இல்தான்.