ஆசிரியர் தொழில்நுட்பப் பயிற்சியும் கற்றல் பாணிகளும்

கணினி, இணையம், கல்வி மென்பொருட்கள் ஆகியவற்றைக் கற்பித்தலில் பயன்படுத்த ஆசிரியர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியை, அவரவர் கற்றல் பாணிக்கு ஏற்ப வடிவமைக்க வேண்டும் என்பது கல்வித்துறையில் பரவலாக நிலவும் ஒரு கருத்து ஆகும். ஒரே பயிற்சிக் கூடத்தில் முதன்முறையாக விரிதாளைத் திறப்பவரும், தாமே இணையத்தளம் அமைத்தவரும் அருகருகே அமர்வதுண்டு. இவ்வேறுபாட்டைச் சமாளிக்கும் வழிகளுள் ஒன்றாகக் கற்றல் பாணிகள் முன்வைக்கப்பட்டன. எனினும் இக்கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்று ஆய்வாளர் பலர் கூறுகின்றனர்.

கற்றல் பாணிக் கோட்பாடுகள்

கற்றல் பாணிகளைப் பலர் பலவாறு வகைப்படுத்தியுள்ளனர். அவற்றுள் பயிற்சித் துறையில் பெரிதும் அறியப்பட்டவை வருமாறு:

* டேவிட் கோல்ப் 1984 இல் வெளியிட்ட நூலில், பட்டறிவு, உற்றுநோக்கிச் சிந்தித்தல், கருத்தாக்கம், செய்து பார்த்தல் என்னும் நான்கு கட்டங்கள் கொண்ட சுழற்சியாகக் கற்றலை விளக்கினார்.
* பீட்டர் ஹனி, ஆலன் மம்ஃபர்ட் ஆகியோர் கற்போரைச் செயலர், சிந்திப்பவர், கோட்பாட்டாளர், நடைமுறையாளர் என நான்காகப் பிரித்தனர்.
* நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங், பார்த்தல், கேட்டல், படித்தல்-எழுதுதல், செய்தல் என்னும் வகைப்பாட்டை உருவாக்கினார். இது 'வார்க்' என அழைக்கப்படுகிறது.

பயிற்சியில் பயன்பாடு

இவ்வணுகுமுறையில், பயிற்சியின் தொடக்கத்தில் வினாத்தாள் மூலம் ஒவ்வோர் ஆசிரியரின் பாணியும் கண்டறியப்படுகிறது. பின்னர் பார்த்துக் கற்பவருக்கு வரைபடமும், கேட்டுக் கற்பவருக்கு விரிவுரையும், படித்துக் கற்பவருக்குக் கையேடும், செய்து கற்பவருக்குச் செய்முறையும் வழங்கப்படுகின்றன.

விமர்சனங்கள்

2004 இல் ஐக்கிய இராச்சியத்தில் ஃபிராங்க் காஃபீல்டும் பிறரும் வெளியிட்ட அறிக்கை 71 கற்றல் பாணி மாதிரிகளை இனங்கண்டது. அவற்றுள் 13 மாதிரிகளை விரிவாக ஆராய்ந்து, பலவற்றின் நம்பகத்தன்மையைக் கேள்விக்கு உட்படுத்தியது.

ஹெரால்டு பாஷ்லரும் மூவரும் 2008 இல் வெளியிட்ட மீளாய்வு, இக்கருத்தைச் சோதிக்கும் முறையைத் தெளிவுபடுத்தியது. கற்போரைப் பாணிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவினரையும் குலுக்கல் முறையில் வெவ்வேறு கற்பித்தல் முறைகளுக்கு அனுப்பி, இறுதியில் அனைவருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் பாணிக்குரிய முறையிலேயே சிறந்து விளங்கினால்தான் கருத்து மெய்ப்படும். இவ்வாறு முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகள் மிகச் சிலவே என்றும், அவற்றுள் பல இக்கருத்துக்கு முரணான முடிவுகளையே தந்தன என்றும் அம்மீளாய்வு குறிப்பிட்டது. மனிதருக்கு விருப்பங்கள் உண்டு என்பதை அது மறுக்கவில்லை. விருப்பத்துக்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்கே சான்று இல்லை என்றது.

மேலும், கற்பிக்கும் முறையைப் பெரும்பாலும் பாடப்பொருளே தீர்மானிக்கிறது. எப்பாணியினராயினும் தமிழ்த் தட்டச்சை விசைப்பலகையில் விரல் வைத்தே பழக வேண்டும். "செய்து கற்பவர்" என முத்திரை குத்தப்பட்ட ஆசிரியர், கையேடு தமக்கு உரியதன்று என ஒதுக்கிவிடக்கூடும். அதே முத்திரையைத் தம் மாணவர் மீதும் குத்தக்கூடும்.

கருத்தில் கொள்ளத்தக்க வேறுபாடுகள்

முன்னறிவு: தொடக்கநிலையினருக்கு உதவும் படிப்படியான விளக்கம், தேர்ந்தவருக்குத் தடையாக அமையக்கூடும் என்பதை சுலாவா கல்யூகா முதலியோர் எடுத்துக்காட்டினர். எடுத்துக்காட்டாக, மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் பயிற்சியில் புதியவருக்குச் சூத்திரங்கள் நிரப்பப்பட்ட விரிதாளையும், சற்றுப் பழகியவருக்குச் சில சூத்திரங்கள் நீக்கப்பட்ட விரிதாளையும், தேர்ந்தவருக்கு வெறும் மதிப்பெண்களையும் கொடுக்கலாம்.

பாடம்: புன்யா மிஸ்ரா, மத்தேயு கோலர் ஆகியோர் 2006 இல் முன்வைத்த சட்டகம், தொழில்நுட்ப அறிவு பாட அறிவுடனும் கற்பித்தல் அறிவுடனும் இணைய வேண்டும் என்கிறது. இதன்படி வரலாற்று ஆசிரியருக்கும் கணித ஆசிரியருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது.

தொடர் துணை: கோட்பாடு, செய்து காட்டல், பயிற்சி, பின்னூட்டம் ஆகியவற்றுடன் வகுப்பறையில் தொடர் வழிகாட்டலும் தேவை என புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோர் 1980 இல் வலியுறுத்தினர். ஒரு நாள் பட்டறையில் கற்றது வகுப்பறையைச் சென்றடையாமல் போவதற்கு இத்துணை இல்லாமையும் ஒரு காரணமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கற்றல்
* கல்வி உளவியல்
* கல்வித் தொழில்நுட்பம்