யானைக்கால் நோயாளிகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வருவது ஏன்? பாக்டீரியா தொற்றும் சிகிச்சையும்

கொச்சி: யானைக்கால் நோயால் வீங்கிய காலில் திடீரெனச் சிவப்பும் கடும் வலியும் தோன்றி, குளிர்காய்ச்சலும் நெறிக்கட்டும் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபைலேரியா புழு அல்ல, தோல் வழியாக நுழையும் பாக்டீரியாவே. இதற்குரிய மருந்து ஆன்டிபயாட்டிக் ஆகும்.

போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பகுதிகள் நெடுங்காலமாக இந்நோயால் பாதிக்கப்பட்டவை. ஆங்கிலேயர் காலத்தில் இந்நோய்க்கு ‘கொச்சி கால்’ என்ற பெயரே வழங்கியது.

கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் பரப்பும் புழுக்கள் நிணநீர்க் குழாய்களைச் சிதைக்கின்றன. இதனால் காலில் நீர் தேங்கி, கிருமிகளை எதிர்க்கும் திறன் குறைகிறது. சேற்றுப்புண், பித்தவெடிப்பு, சிறு கீறல் ஆகியவற்றின் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுழைகின்றன. ஒவ்வொரு தாக்குதலும் நிணநீர்க் குழாய்களை மேலும் பாதிப்பதால் வீக்கம் நிரந்தரமாகிறது.

சிகிச்சை என்ன?

தாக்குதலின்போது அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக், காய்ச்சல் மருந்து, ஓய்வு ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. அச்சமயத்தில் புழுக்கொல்லி மருந்து தரக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

தொற்று மீண்டும் மீண்டும் வருவோருக்கு நீண்டகால பெனிசிலின் அளிப்பதும் உண்டு. காலில் இத்தகைய தோல் தொற்று பலமுறை ஏற்பட்ட 274 பேரிடம் பிரிட்டன், அயர்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2013-ல் வெளியானது. ஓராண்டு பெனிசிலின் உட்கொண்டவர்களில் 22 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 37 சதவீதத்தினருக்கும் அந்த ஓராண்டுக்குள் தொற்று திரும்பியது. மருந்தை நிறுத்திய பின்னர் இந்த வேறுபாடு மறைந்தது.

எனவே, மாத்திரை மட்டும் போதாது. காலை நாள்தோறும் சோப்பு நீரால் கழுவுதல், விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல், சேற்றுப்புண்ணுக்கு மருந்திடுதல், காலணி அணிதல், படுக்கும்போது காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை அவசியம்.

சுய மருத்துவம் கூடாது

மருந்துச்சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்பனை செய்யப்படுவதைத் தடுக்க, கேரள அரசு 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ சோதனையைத் தொடங்கியது. காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் தொற்று மீண்டும் தலைதூக்கக்கூடும்.

யானைக்கால் நோயை 2027-க்குள் ஒழிக்க மத்திய அரசு இலக்கு நிர்ணயித்துள்ளது. நோய்ப்பரவல் நின்றாலும், ஏற்கெனவே வீங்கிய கால்களுக்கு வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு தேவைப்படும்.