கழலை நோயல்ல, முறையீடு

19ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் கழுத்துக் கழலை இல்லாத ஊரைக் காண்பது அரிது. பனியாறுகள் மண்ணை அரித்ததில் அயோடினும் போயிருந்தது. கழலையோடு நிற்காமல், காது கேளாமலும் மூளை வளராமலும் குழந்தைகள் பிறந்தன. ஜெனீவா மருத்துவர் குவாந்தே 1820இலேயே அயோடின் கொடுத்துக் கழலையைச் சுருக்கிக் காட்டினார். ஆனால் அது அந்நாட்டு உப்பில் சேர 1922 ஆயிற்று. மருந்து கையில் இருந்தும் நூறாண்டு கழிந்ததற்கு முதற்காரணம், கழலையையே நோய் என்று எண்ணியதுதான். கழுத்தில் வீங்கி நின்ற அந்தத் தைராய்டுச் சுரப்பி உடம்பில் என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தெரியாததன் விலையை பெர்ன் நகரம் கண்டது. அங்கே அறுவை மருத்துவர் தியோடர் கோஹர் 1874இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் தைராய்டை முழுவதும் அகற்றினார். காயம் நன்றாக ஆறியது. ஆனால் சிறுமியின் வளர்ச்சி நின்றது, முகம் ஊதியது, புத்தி மந்தமானது. சில ஆண்டுகளில் தங்கை அவளைவிட உயர்ந்து நின்றாள். சுரப்பியை முழுதும் இழந்த மற்றவர்களையும் வரவழைத்துப் பார்த்த கோஹர், பெரும்பாலோரிடம் இதே சீர்கேடு இருப்பதை 1883இல் வெளிப்படையாக அறிவித்தார். 1891இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மரே, தைராய்டு குன்றிய ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் செலுத்தித் தேற்றினார். உடலை நடத்தும் ஏதோ ஒரு பொருளை அச்சுரப்பி இரத்தத்தில் கலக்கிறது என்பது இதனால் உறுதியானது. 1895இல் ஜெர்மன் வேதியியலாளர் பவுமான் அச்சுரப்பிக்குள்ளேயே அயோடினைக் கண்டார். இன்று கணக்கு தெளிவாக இருக்கிறது: அயோடின் குறைந்தால் தைராய்டு சுரக்கும் தைராக்சின் குறைகிறது, மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தன் ஹார்மோனைக் கூட்டிச் சுரந்து தைராய்டை முடுக்குகிறது, ஓயாத முடுக்கத்தில் தைராய்டு வீங்குகிறது. கழலை என்பது பற்றாக்குறையைச் சமாளிக்க உடல் செய்யும் முயற்சி.

பிரான்சின் ஷத்தேன் 1850களிலேயே தண்ணீரில் அயோடின் குறைவான இடங்களில் கழலை மிகுதி என்று சொன்னாரே, அவரை அறிஞர்கள் ஒதுக்கியதுதானே குற்றம் என்று கேட்கலாம். ஒதுக்கியது தவறுதான். ஆனால் இரண்டும் ஒன்றாக இருப்பதைத்தான் அவரால் காட்ட முடிந்தது, அயோடின் தொண்டையில் என்ன செய்கிறது என்று சொல்ல முடியவில்லை. குவாந்தேயின் மருந்தால் சிலர் படபடப்புக்கும் உடல் மெலிவுக்கும் ஆளானதும் அச்சத்தை வளர்த்திருந்தது. அந்த அச்சம் நியாயமானது, அளவுதான் பிழை. உடலுக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 150 மைக்ரோகிராம். அந்நாள் மருத்துவர்கள் கொடுத்ததோ அதைவிடப் பன்மடங்கு. 1895க்குப் பிறகும் கால் நூற்றாண்டு வீணானதற்கு மட்டும் அறியாமையைச் சாக்குச் சொல்ல முடியாது. கிருமியியல் கோலோச்சிய அந்நாளில் பலர் தண்ணீரில் நச்சையோ கிருமியையோதான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர்கள் மலைநாட்டு மருத்துவர்கள். 1918இல் ஓட்டோ பயார்ட் வலே மாநிலத்து மலைக்கிராமங்களில் மிகச் சிறிய அளவு அயோடைடு கலந்த உப்பைக் குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், கழலைகள் சுருங்கின. ஹான்ஸ் எக்கன்பெர்கர் மக்களிடம் கையெழுத்துத் திரட்ட, 1922இல் அப்பென்செல் அவுசர்ரோடன் மாநிலம் அயோடின் உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. கத்தியும் பெருமருந்தும் தீர்க்காததைத் தீர்த்தது, சுரப்பி கேட்டதைக் கேட்ட அளவில் கொடுத்த சமையலறை உப்புதான்.