கலிங்கப் போரும் அசோகன் கண்ட வாழ்வுப் பயனும்

வாழ்வின் பயன் யாதென்னும் வினா பெரும்பாலும் தோல்வியுற்றோர் உள்ளத்தே எழும். மோரியப் பேரரசன் அசோகனுக்கோ அது வெற்றியின் நடுவே எழுந்தது.

கி. மு. 261 அளவில் அவன் கலிங்கத்தை வென்றான். அப்போரில் 100,000 பேர் மாண்டனர் எனவும், 150,000 பேர் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டனர் எனவும் அவனது பதின்மூன்றாம் பாறைச் சாசனமே கூறும். அத்துயர் அவனை அறநெறியில் ஆழ்ந்து செல்லத் தூண்டிற்று.

ஆயினும், தன் கழிவிரக்கத்தைக் கூறும் அச்சாசனத்தை அவன் கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடத்திலும் பொறிப்பித்தானல்லன். ஆங்குள்ள தனிச்சாசனங்கள், மாந்தர் யாவரும் தன் மக்களே என்றும், காரணமின்றி எவரையும் சிறையிடலாகாது என்றும் அதிகாரிகளுக்கு அறிவுறுத்துகின்றன.

வென்ற நாட்டை அவன் திருப்பி அளிக்கவுமில்லை. சமயம் அவன் செய்த கொடுமையைத் துடைத்துவிடவில்லை. எஞ்சிய வாழ்நாளுக்குரிய கடமையை உணர்த்திற்று. அக்கடமையே அவன் வாழ்விற்குப் பொருளாயிற்று.