பழைய இரும்புக் கடையில் ஒரு போர்த் தொப்பி

ஒரு நாள் காலை, தளவாய்புரத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எங்கள் இயற்பியல் ஆய்வக மேசை மீது செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை வைத்தார். பிரித்துப் பார்த்தால், அகன்ற விளிம்புடைய இரும்புத் தட்டைக் கவிழ்த்து வைத்தது போன்ற ஒரு துருப்பிடித்த தொப்பி!

"ராஜபாளையத்திலே பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன் சார். முதல் உலகப் போர்த் தொப்பியாம். உச்சியிலே பாருங்க, குண்டு பாய்ஞ்ச ஓட்டை!" என்றார். வெளியூரில் பழம்பொருள் சேகரிப்பவர் ஒருவர் அதை நல்ல விலைக்குக் கேட்கிறாராம். அது குண்டு பட்ட தொப்பிதான் என்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் இன்னும் கூடுதலாகத் தருவாராம்.

"எழுதுவது இருக்கட்டும் தம்பி. முதலில் தொப்பியையே விசாரித்துப் பார்ப்போம்" என்றேன். அந்த விசாரணையின் கதையே இக்கட்டுரை.

தலைக்கு இரும்பு வந்த கதை

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பெரும்பாலான வீரர்கள் துணித் தொப்பியும் தோல் தொப்பியும் அணிந்தே களம் புகுந்தனர். விரைவிலேயே போர் பதுங்கு குழிகளுக்குள் இறங்கிவிட்டது. குழிக்குள் உடல் மறைந்திருந்தாலும் தலைக்கு மேலே வெடித்த பீரங்கிக் குண்டுகள் ஈய உருண்டைகளை மழையாகப் பொழிந்தன. தலைக்காயங்கள் பெருகின. 1915-இல் பிரான்சு நாட்டு இராணுவ அதிகாரி அட்ரியன் பெயரால் முதல் எஃகுத் தொப்பி படைக்கு வந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் பிராடி என்பவர் ஒரே எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்கும் தட்டைத் தொப்பிக்குக் காப்புரிமை பெற்றார். மழைக்குக் குடை போல, மேலிருந்து விழுவதைத் தாங்கவே அதற்கு அகன்ற விளிம்பு. 1916-இல் ஜெர்மனி, காதையும் பிடரியையும் மறைக்கும் ஆழமான தொப்பியைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் ஹானோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் ஷ்வெர்ட்.

இத்தொப்பி துப்பாக்கிக் குண்டைத் தடுக்குமா? கணக்கிட்டுப் பார்ப்போம். பீரங்கிக் குண்டிலிருந்து சிதறும் ஈய உருண்டையின் நிறை சுமார் 11 கிராம். வினாடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர் வேகத்தில் வரும் உருண்டையைப் பிராடி தொப்பி தாங்கும் என்று எதிர்பார்த்தனர். அதன் இயக்க ஆற்றல் சுமார் 290 ஜூல். அக்காலத்து ஆங்கிலேயரின் துப்பாக்கிக் குண்டும் ஏறத்தாழ அதே நிறைதான். ஆனால் அது குழலை விட்டுப் புறப்படும் வேகம் வினாடிக்கு சுமார் 740 மீட்டர். வேகம் மூன்றேகால் மடங்கு. ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்ததாகையால் பத்து மடங்குக்கும் மேல்! அருகிலிருந்து நேராகச் சுடப்பட்ட குண்டின் முன் இத்தொப்பி நிற்காது. அதற்காக அது செய்யப்படவும் இல்லை.

காந்தம் சொல்லும் சாட்சி

ஆய்வகத்துச் சட்டக் காந்தத்தை எடுத்துத் தொப்பியின் குவிந்த பகுதியில் வைத்தோம். ஒட்டவில்லை! "இரும்பு இல்லையா சார்?" என்று மாணவர் திகைத்தார்.

இரும்புதான். ஆனால் மாங்கனீசு கலந்த இரும்பு. 1882-இல் ஷெஃபீல்டு நகரத்து இராபர்ட் ஹாட்ஃபீல்டு, எஃகில் சுமார் 12 விழுக்காடு மாங்கனீசும் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கார்பனும் சேர்த்து ஒரு விந்தையான உலோகத்தைக் கண்டார். சாதாரண இரும்பில் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அமர்கின்றன. மாங்கனீசு எஃகிலோ மூலைகளிலும் முகங்களின் மையத்திலும் அமர்கின்றன. இந்த அமைப்பில் இரும்பின் காந்தத் தன்மை மறைந்துவிடுகிறது. இன்னொரு வியப்பு, இது அடிபட அடிபடக் கடினமாகும். நம் ஊர்ப்பக்கத்துக் கல்லுடைக்கும் கிரஷர்களின் தாடைத் தகடுகளும், இரயில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்துக் கட்டைகளும் இந்த எஃகால் செய்யப்படுவது இதனால்தான். ஹாட்ஃபீல்டின் யோசனைப்படி 1915-ஆம் ஆண்டிலேயே பிராடி தொப்பி மாங்கனீசு எஃகுக்கு மாறிற்று.

ஆனால் காந்தச் சோதனை ஒன்றே தீர்ப்பாகாது. அட்ரியன் தொப்பியும் ஜெர்மானியத் தொப்பியும் வேறு வகை எஃகு. காந்தம் நன்றாக ஒட்டும். அதனால் அவை போலி ஆகிவிடா. 1941-இல் வந்த அமெரிக்க எம்-1 தொப்பியோ மாங்கனீசு எஃகு, ஒட்டாது. முதல் உலகப் போரின் பிற்பகுதியில் வந்த பிராடி தொப்பியின் ஓரத்தில் மென்னெஃகுப் பட்டி உண்டு. அதில் உடல் ஒட்டாது, ஓரம் ஒட்டும்.

உருவமும் எழுத்தும்

அடுத்து உருவம். உச்சியில் கொண்டை போன்ற முகடு இருந்தால் அட்ரியன் வகை. காதுக்கும் பிடரிக்கும் இறங்கியிருந்தால் ஜெர்மானிய வகை. அதன் உட்புறத்தில் தொழிற்சாலைக் குறியும் அளவு எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆழ்ந்த கிண்ணம் போலிருந்தால் எம்-1. 1944-இன் பிற்பகுதி வரை அதன் விளிம்புப் பட்டியின் இணைப்பு முன்புறம், பின்னர் பின்புறம். தட்டை வடிவம் ஆங்கிலேயருடையது. ஆனால் 1917-இல் அமெரிக்கர்களும் அதையே பின்பற்றினர்.

இரண்டாம் உலகப் போரில் அதே தட்டை வடிவம் 'மார்க் 2' என்ற பெயரில் மீண்டும் வந்தது. இந்தியாவிலும் அது செய்யப்பட்டது. விளிம்பின் அடிப்பக்கத்தில் செய்தவர் குறியும் ஆண்டும் அடிக்கப்படுவது வழக்கம்.

துளைகளும் பேசும். சோதனையில் போர்க்களத் தரத்தை எட்டாத தொப்பிகளுக்கு இங்கிலாந்தில் விளிம்பில் சிறு துளைகளிட்டு, ஊர்க்காவல் பணிக்கு ஒதுக்கினர். துளை கூடினால் தரம் குறைவு. தென்னாப்பிரிக்கத் தொப்பிகளிலோ பின் விளிம்பில் வரிசையாக மூன்று துளைகள் உண்டு; அவை கழுத்துத் துணி கட்டுவதற்கு.

எங்கள் தொப்பியின் விளிம்படியை மென்மையான துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். துருவுக்குள்ளிருந்து '1941' என்ற எண் மெல்லத் தெரிந்தது. ஆக, அது முதல் போருடையது அன்று.

அப்படியானால் உச்சி ஓட்டை? உருப்பெருக்கியால் பார்த்தோம். குண்டு துளைத்தால் தகடு உட்பக்கம் மடிந்து கிழிந்திருக்கும். இந்தத் துளையோ சீரான வட்டம், பிசிறில்லை. மார்க் 2 தொப்பியில் உள்மெத்தையைப் பிணைக்கும் திருகு சரியாக அந்த இடத்தில்தான் வரும். மெத்தை மக்கிப் போய், திருகும் விழுந்து, துளை மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாணவரின் முகம் வாடிவிட்டது.

மதிப்பு எதில் இருக்கிறது?

சுமார் ஒரு கிலோ எடையுள்ள இத்தொப்பிக்கு இரும்புக் கடையில் ஒரு விலை. சேகரிப்பவரிடம் வேறு விலை. உள்மெத்தை, தாடைப் பட்டை, பழைய வண்ணம், குறிகள் ஆகியவை எவ்வளவு மூலமாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு மதிப்பு. மார்க் 2 பெருமளவில் செய்யப்பட்டதால் வெறும் கூடு அரிய பொருளன்று. விலை உயர்ந்த ஜெர்மானியத் தொப்பிகளில் புதிதாகச் சின்னம் ஒட்டி ஏமாற்றுவோர் உலகெங்கும் உண்டு. உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குவது பெருந்தவறு. துருவோடு வரலாறும் உதிர்ந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய தொப்பிகள் சிலவற்றின் உள்மெத்தையில் கல்நார் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே தலையில் மாட்டிப் பார்க்காதீர்கள், தூசி தட்டாதீர்கள். மற்றொன்று சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்றுச் சிறப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் போர்த் தொப்பிகள் இன்று அந்த வயதைத் தாண்டிவிட்டன.

எல்லாவற்றிலும் பெரிய மதிப்பு ஒன்று உண்டு: அதை அணிந்தவர் யார் என்பது. இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்தனர். 1942-இல் ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் பெருந்திரளாக ஊரை விட்டு வெளியேறினர். இந்தத் தொப்பி களத்திலிருந்து வந்ததா, சென்னைத் தெருவில் காவல் நின்றதா? அந்தக் கடைக்கே போய், "இது எங்கிருந்து வந்தது அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"பழைய வீட்டை இடிச்ச சாமானோட வந்துச்சு சார். எந்த வீடுன்னு இப்போ யாரு கண்டா?" என்றார்.

கண்டதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்: 1941-இல் செய்த மார்க் 2 கூடு, மெத்தை இல்லை, உச்சித் துளை திருகுக்கானது. வெளியூர்க்காரர் அதன் பிறகு வாங்க வரவில்லை. மாணவர் சிறிது யோசித்துவிட்டுத் தொப்பியை ஆய்வகத்துக்கே கொடுத்துவிட்டார். காந்தவியல் பாடத்தன்று அது இப்போது வகுப்பில் கைமாறிக் கைமாறிச் சுற்றி வருகிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு தொப்பியோ பதக்கமோ சீருடைப் பொத்தானோ இருக்கலாம். எடைக்குப் போடுமுன் பாட்டியிடம் கேளுங்கள். யாருடையது, எந்தப் படை, எந்த ஆண்டு என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். உலோகம் என்ன, எந்த ஆண்டு செய்தது என்பதை நாளைக்கும் சோதித்துச் சொல்லிவிடலாம். அணிந்தவரின் பெயரைச் சொல்ல எங்கள் ஆய்வகத்தில் கருவி ஏதும் இல்லை.