துண்டு முறை

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் 1921 வரை நடைமுறையில் இருந்த ஆள்மாற்று ஏற்பாடு. பூண்டுலோயா போன்ற தேயிலைப் பகுதிகளில் தோட்டம் மாற நினைத்த கங்காணிக்கு, அதாவது ஆட்களின் தலைவருக்கு, தோட்டத்துரை ‘துண்டு’ என்ற ஒரு சீட்டை எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணி, ஆட்கள் இத்தனை பேர், கடன் இத்தனை ரூபாய், அதைக் கட்டுபவருக்கு ஆட்களை விட்டுத்தருகிறேன் என்பதே அதன் சாரம்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். அவரைக் கட்டிப்போட்டது கடன்தான். துண்டோடு கங்காணி அக்கம்பக்கத் தோட்டங்களில் ஏறி இறங்குவார். ஆள் தேவைப்பட்ட துரை பழைய கடனைத் தீர்த்து, மேலே முன்பணமும் தருவார். ஆட்களை இழக்க விரும்பாத பழைய துரை, தானும் முன்பணத்தைக் கூட்டி நிறுத்தப் பார்ப்பார். போவதா, நிற்பதா என்று தீர்மானித்தவர் கங்காணி. கடன் ஏறியதோ கொழுந்து பறித்தவர் பெயரில். ராஜினாமாக் கடிதத்தைத் திரும்பப் பெறச்சொல்லிச் சம்பளம் கூட்டும் இன்றைய நிறுவனத்தோடு இதை ஒப்பிட்டால் பாதிதான் பொருந்தும். அன்று கூடியது நாட்சம்பளம் அல்ல, கடன்.

1921இல் சட்டம் துண்டைத் தடைசெய்தது. இப்போது விலகுபவர் பார்க்கும் கணக்கு வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து ஆண்டு வேலை செய்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். நாலரை ஆண்டில் விலகக் கடிதம் கொடுத்தவரை நிற்கச் சொன்னால், மீதி ஆறு மாதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.